கல்லூரி வீரருக்குப் பணம் கொடுக்க நான்கு வழிகள்: எது ஆட்டத்தைக் காப்பாற்றும்?

2023 ஏப்ரல் 1. ஹூஸ்டன் நகரில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அரையிறுதி. ஒரு பக்கம் ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம். போக்கா ரட்டோன் என்ற கடலோர ஊரில் அதற்குச் சொந்தமாக இருக்கும் அரங்கில் ஏறக்குறைய மூவாயிரம் பேர்தான் உட்காரலாம். அப்படிப்பட்ட கல்லூரி நாட்டின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்து நின்றது. அலிஜா மார்ட்டின் என்ற வீரர் அன்று 26 புள்ளிகள் எடுத்தார். கடைசி நொடியில் சான் டியேகோ ஸ்டேட்டின் லமான்ட் பட்லர் எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கியது. 72-71. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

இரண்டு வருடம் கழித்து, 2025 ஏப்ரல் 7, சான் அன்டோனியோ. இறுதிப் போட்டியில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் ஹூஸ்டனை 65-63 என்று வென்றது. கோப்பையைச் சுற்றி நின்றவர்களில் அதே அலிஜா மார்ட்டின். மாநிலம் அதேதான், சட்டைதான் வேறு. பக்கத்தில் நின்ற வால்டர் கிளேட்டன் அயோனா என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்தவர். வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து வந்தவர். மூவரையும் முதலில் சேர்த்துக்கொண்டு கல்லூரி ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவை மூன்று சிறிய கல்லூரிகள். கோப்பை போய்ச் சேர்ந்தது பெரிய கல்லூரிக்கு.

வீரர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல இடம் கிடைத்தால் யார்தான் போக மாட்டார்கள்? ஆனால் கல்லூரி வீரருக்குப் பணம் கொடுப்பது சரியா தவறா என்று இன்னமும் நடந்துகொண்டிருக்கும் விவாதம் இந்தக் காட்சியைத் தொடுவதே இல்லை. கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. எந்த வழியில் கொடுப்பது என்பதுதான் இப்போது கேள்வி. வழிக்கு வழி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி தலைகீழாக மாறுகிறது. நான்கு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என்னுடைய அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணக்காரக் கல்லூரிகளுக்குள் யார் ஜெயிக்கிறார்கள் என்பதை மட்டும் நான் பார்க்கப்போவதில்லை. வெளியே நிற்கும் ஃப்ளோரிடா அட்லாண்டிக் மாதிரி ஒரு கல்லூரி உள்ளே வர வாசல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கப்போகிறேன். இரண்டும் ஒன்றல்ல.

பழைய வழி: படிப்புச் செலவு மட்டும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு பல பத்தாண்டுகள் பிடிவாதமாகக் காத்த வழி இது. வீரருக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு கிடைக்கும். அதற்கு மேல் ஒரு காசு கை மாறக் கூடாது. 'மாணவ வீரர்' என்று அவர்களுக்குப் பெயர். கேட்க நன்றாக இருக்கும் இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்த தொழிலாளிக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கிடையாது என்று 1957இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த மாதிரி வழக்குகளில் கல்லூரிகளுக்குக் கவசமாக நின்ற சொல்தான் 'மாணவ வீரர்'. அப்போது என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸே பிற்காலத்தில் இதை ஒப்புக்கொண்டார்.

இந்த வழிக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்பட்ட வாதம் சமநிலை. யாருக்கும் சம்பளம் இல்லையென்றால் பணக்காரக் கல்லூரி நல்ல வீரர்களை விலைக்கு வாங்க முடியாது, அதனால் எல்லோரும் சமம் என்றார்கள். சரி, சமமாக இருந்ததா? கல்லூரி ஃபுட்பாலில் தேசிய சாம்பியனை முடிவு செய்ய நான்கு அணிகள் மோதும் பிளே-ஆஃப் 2014 பருவத்தில் தொடங்கியது. 2020 வரை ஏழு பருவங்கள், மொத்தம் 28 இடங்கள். அலபாமா 6, கிளெம்சன் 6, ஒஹாயோ ஸ்டேட் 4, ஓக்லஹோமா 4. நான்கே கல்லூரிகள் 28இல் 20 இடங்களை எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த எட்டு இடங்களுக்குத்தான் நாட்டின் மற்ற எல்லாக் கல்லூரிகளும் அடித்துக்கொண்டன.

வீரர் பக்கம் அணை கட்டியதும் பணம் மற்ற வாய்க்கால்களில் பாய்ந்ததுதான் காரணம். ஒன்று, பயிற்சியாளர் சம்பளம். டெக்சஸ் ஏ அண்டு எம் 2023இல் ஜிம்போ ஃபிஷரைப் பாதியில் அனுப்பியபோது, வேலையை விட்டுப் போவதற்காகவே அவருக்கு 7.5 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியிருந்தது. இன்னொன்று கட்டடங்கள். கிளெம்சன் 2017இல் திறந்த ஃபுட்பால் மையத்தில் மாடியிலிருந்து கீழே இறங்க ஒரு சறுக்குமரம் இருக்கிறது. வீரருக்கு நேரடியாகக் கொடுக்க முடியாத பணம் அவரை மயக்கும் சறுக்குமரமாக மாறியது. அதைக் கட்ட முடிந்தவர்களிடம் நல்ல வீரர்கள் குவிந்தார்கள்.

விதியை மீறியவர்களும் இருந்தார்கள். டல்லஸில் உள்ள எஸ்.எம்.யூ. கல்லூரியின் ஆதரவாளர்கள் ரகசிய நிதியிலிருந்து 13 வீரர்களுக்கு 61 ஆயிரம் டாலர் கொடுத்தது வெளியே வந்தது. 1987 பருவம் முழுவதும் அந்தக் கல்லூரி ஃபுட்பால் ஆடக் கூடாது என்று தண்டனை. அந்த அடியிலிருந்து அந்த அணி எழுந்து உட்காரவே இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அந்த 61 ஆயிரத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

ஆக, பழைய வழிக்கு என் மதிப்பெண் மிகக் குறைவு. வீரருக்கும் நியாயம் இல்லை, சமநிலையும் இல்லை. ஆனால் ஒரு நன்மை அதில் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதி இருந்ததால், சின்னக் கல்லூரியில் சேர்ந்த பையன் பெரும்பாலும் அங்கேயே நான்கு வருடம் ஆடினான். மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டியில் பெயர் தெரியாத கல்லூரிகள் பெரிய தலைகளை உருட்டியதற்கு இந்த நான்கு வருடப் பழக்கம் ஒரு பெரிய காரணம். அந்த வாசல் வீரரைக் கட்டிப்போட்டுத்தான் திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பது எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது வழி: வெளியார் கொடுக்கட்டும்

2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பத்து நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றை விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. அமெரிக்காவில் இதை என்.ஐ.எல். என்கிறார்கள். காலணி விளம்பரத்தில் நடிப்பார்கள், கார் கடைத் திறப்புக்குப் போவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. ஒவ்வொரு கல்லூரியின் பணக்கார ஆதரவாளர்களும் சேர்ந்து 'கலெக்டிவ்' என்ற நிதி அமைப்புகளை உருவாக்கினார்கள். விளம்பரம் என்ற பெயரில் ஏறக்குறைய நேரடிச் சம்பளம். இதே காலத்தில் கல்லூரி மாறும் விதியும் தளர்ந்தது. 2021இல் ஒரு முறை, 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும், ஒரு வருடம் உட்காராமலே மாறலாம். என்.ஐ.எல். பணத்தையும் இந்த விதியையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் புரியாது. வீரருக்கு ஒரே சமயத்தில் விலையும் கிடைத்தது, கால்கட்டும் அவிழ்ந்தது.

இந்த வழியை ஒரே ஒரு ஒப்பந்தத்தில் பார்க்கலாம். நிஜாரி கனடி, ஸ்டான்ஃபோர்டில் ஆடிய சாஃப்ட்பால் வீராங்கனை, பந்து எறிவதில் நாட்டிலேயே முதல் வரிசை. 2024இல் டெக்சஸ் டெக்குக்கு மாறினார். ஒப்பந்தத் தொகை 10,50,024 டாலர். பத்து லட்சம் அடிப்படை, ஐம்பதாயிரம் வீட்டுச் செலவுக்கு, கடைசி 24 டாலர் அவருடைய சட்டை எண்ணுக்காக. அடுத்த வருடமே டெக்சஸ் டெக் முதன்முறையாகத் தேசிய சாஃப்ட்பால் இறுதிச் சுற்றுக்குப் போனது. லப்பக் என்ற வறண்ட பீடபூமி ஊரில், சாஃப்ட்பாலில் பெரிய பெயர் எதுவும் இல்லாத ஒரு கல்லூரியை ஒரே ஆள் தூக்கி நிறுத்தினார். ஒரு பெண் விளையாட்டுக்கு இவ்வளவு பணம் கொடுக்க ஆள் இருந்தது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்த செய்தி.

ஃபுட்பாலிலும் கதவுகள் திறந்தன. 2024 அக்டோபர் 5 அன்று வாண்டர்பில்ட், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து மாறி வந்த டியேகோ பாவியாதான் அன்று அணியை ஓட்டினார். ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து, நாஷ்வில் நகரின் நடுத்தெரு வழியாக ஏறக்குறைய மூன்று மைல் நடந்து கம்பர்லண்ட் ஆற்றில் போட்டார்கள். நம் ஊரில் திருவிழா முடிந்து சாமியை ஆற்றில் கரைப்பது மாதிரி இருந்தது அந்தக் காட்சி. பல தலைமுறையாக அடி வாங்கிய கூட்டத்தின் கொண்டாட்டம்.

இந்தியானாவின் கதை இன்னும் பெரிது. பெரிய கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைச் சுமந்த பெயர்களில் ஒன்று அது. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. பிறகு ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார், கூடவே அங்கிருந்து 13 வீரர்களும் வந்தார்கள். 2025 பருவத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து மாறி வந்த ஃபெர்னாண்டோ மென்டோசா அணியை நடத்தினார். பதினாறு ஆட்டம், பதினாறும் வெற்றி. வழியில் அலபாமாவை 38-3 என்று துவைத்து, 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. பழைய முறையில் இப்படி நடந்திருக்கும் என்று என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

இதைப் பார்த்துத்தான் பலர், பணம் வந்ததும் போட்டி பரவலாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பாதி உண்மை. அமெரிக்கக் கல்லூரிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடுகின்றன. வாண்டர்பில்ட்டும் இந்தியானாவும் டெக்சஸ் டெக்கும் ஏற்கெனவே பணக்காரக் கூட்டமைப்புகளின் உறுப்பினர்கள். தொலைக்காட்சிப் பணம் அவர்களுக்கு எப்போதும் வந்துகொண்டிருந்தது. மதிலுக்கு உள்ளேயே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் முன் வரிசைக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

மதிலுக்கு வெளியே நடந்ததைப் பார்க்கக் கூடைப்பந்துக்குத் திரும்ப வேண்டும். 2022இல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னஞ்சிறு கல்லூரி கடைசி எட்டு வரை வந்தது. 2023இல் ஃப்ளோரிடா அட்லாண்டிக் கடைசி நான்கில். 2025இல் கடைசி 16 அணிகளில் ஒரு சின்னக் கல்லூரிகூட இல்லை. பதினாறும் நான்கே பெரிய கூட்டமைப்புகளிலிருந்து வந்தவை. அந்த வருடம் அரையிறுதிக்கு வந்த நான்கும் போட்டியின் நான்கு பிரிவுகளில் தத்தம் பிரிவில் முதல் தரவரிசை பெற்றவை. 2008க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. அவற்றில் ஆபர்னின் நட்சத்திரமான ஜானி புரூம் மோர்ஹெட் ஸ்டேட்டில் ஆரம்பித்தவர். சின்னக் கல்லூரி நடுகிறது, தண்ணீர் ஊற்றுகிறது. காய்க்கிற பருவத்தில் மரத்தை வேரோடு பெயர்த்து இன்னொருவர் தோட்டத்தில் வைத்துக்கொள்கிறார்கள். மரத்துக்கு அங்கே நல்ல உரம் கிடைப்பது உண்மை. நட்டவருக்கு என்ன கிடைத்தது?

எஸ்.எம்.யூ.வுக்கு வருகிறேன் என்றேன் அல்லவா. 61 ஆயிரம் டாலருக்காக ஒரு பருவத்தையே இழந்த அதே கல்லூரி, 2023இல் பெரிய கூட்டமைப்பான ஏ.சி.சி.யில் சேர ஒன்பது வருடத் தொலைக்காட்சிப் பங்கை வேண்டாம் என்றது. அந்தக் குழியை நிரப்ப ஆதரவாளர்கள் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டினார்கள். 2024இல் பிளே-ஆஃப் வரைக்கும் போனது. வெளியிலிருந்து மதிலைத் தாண்டி உள்ளே குதிப்பது முடியாத காரியம் அல்ல. அதற்கான விலை அவ்வளவு.

மூன்றாவது வழி: கல்லூரியே கொடுக்கட்டும், ஆனால் உச்சவரம்போடு

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரர் பெயரில் நடந்த வழக்கு. பழைய வீரர்களுக்குப் பாக்கியாகப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர். 2025 ஜூலை 1 முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு 2.05 கோடி டாலர், பெரிய கூட்டமைப்புக் கல்லூரிகளின் சராசரி வருமானத்தில் 22 சதவீதம் என்ற கணக்கு. அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் வந்தது. ஃபுட்பாலுக்கு 105 பேர்.

காகிதத்தில் இது அழகான திட்டம். ஒஹாயோ ஸ்டேட்டாக இருந்தாலும் பர்டியூவாக இருந்தாலும் ஒரே தொகைதான். கோடீஸ்வர ஆதரவாளர் இருக்கும் கல்லூரி, இல்லாத கல்லூரி என்ற இடைவெளி குறையும். ஒரு ஒழுங்குக்காகக் கல்லூரி விளையாட்டு ஆணையம் ஒன்று தொடங்கினார்கள். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தம் எல்லாம் டெலாய்ட் நிறுவனம் நடத்தும் இணைய வாசலில் பதிவாகி, உண்மையான விளம்பரம்தானா என்று சோதிக்கப்பட வேண்டும்.

உச்சவரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு நில உச்சவரம்பும் அதன் கூடவே வந்த பினாமிப் பத்திரங்களும் நினைவுக்கு வரும். இங்கும் அதே கதைதான். ஆணையம் தொடங்கிய முதல் மாதமே கலெக்டிவ்களின் ஒப்பந்தங்களைத் தடுக்கப் பார்த்தது. வீரர்கள் தரப்பு வழக்கறிஞர்கள் எதிர்த்ததும் சில வாரத்திலேயே தளர்த்தியது. டெக்சஸ் டெக் போன்ற இடங்களில் ஜூலை 1க்கு முன்பே கலெக்டிவ் வழியாகப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து முடித்தார்கள். அந்தக் கல்லூரியின் பின்னால் நிற்பவர் கோடி கேம்பல் (Cody Campbell) என்பவர், எண்ணெய் வியாபாரத்தில் பெரும் செல்வர், ஒரு காலத்தில் அங்கேயே ஃபுட்பால் ஆடியவர். அந்தப் பருவத்திலேயே ஃபுட்பாலில் அவர்களுக்குத் தங்கள் கூட்டமைப்பான பிக் 12இன் முதல் பட்டம் கிடைத்தது. விதிக்குள் கெட்டிக்காரத்தனமாக ஆடினார்கள், அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் உச்சவரம்பு எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தும் என்ற வாக்குறுதி முதல் வருடத்திலேயே விரிசல் விட்டது.

இதைவிட என்னை உலுக்குவது அந்த 2.05 கோடி எப்படிப் பிரிகிறது என்பதுதான். பாக்கித் தொகைக்கு வழக்கில் போட்ட கணக்கையே பல கல்லூரிகள் ஒட்டிப் போகின்றன. ஃபுட்பாலுக்கு ஏறக்குறைய 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 5. கணக்குப் போட்டால் ஃபுட்பால் அணிக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல், 105 பேருக்குப் பிரித்தால் தலைக்குச் சராசரி ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ், தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ், கைப்பந்து எல்லாம் சேர்ந்து பத்து லட்சத்தைப் பங்கு போட வேண்டும். புதிதாக 2 கோடி செலவு வந்தால் எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். கால் பாலி கல்லூரி 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே மூடியது, சொன்ன காரணங்களில் அப்போது ஒப்புதலுக்குக் காத்திருந்த இந்தச் சமரசமும் ஒன்று. ஒலிம்பிக்கில் அமெரிக்கா குவிக்கும் பதக்கங்களில் பெரும்பகுதி கல்லூரிக் குளங்களிலும் ஓடுதளங்களிலும் உருவானது. ஒரு நீச்சல் வீரர் பெயரில் வந்த சமரசத்தில் நீச்சல் குளங்கள் மூடப்படுவதை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

பெண்கள் பங்கு ஒரு தனி வழக்காகவே வளர்கிறது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் வருடச் சட்டம் இந்தப் பணத்துக்கும் பொருந்தும் என்று பைடன் அரசு 2025 ஜனவரியில் சொன்னது, அடுத்த மாதமே டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. பாக்கித் தொகைப் பங்கீட்டை எதிர்த்து எட்டு வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள்.

சின்னக் கல்லூரிகளுக்கு இதில் இரட்டை அடி. உச்சவரம்புத் தொகை பல கல்லூரிகளின் மொத்த விளையாட்டு பட்ஜெட் அளவுக்கு இருக்கிறது, அவர்களால் அதைத் தொடவே முடியாது. அதோடு, பாக்கிப் பணத்தின் ஒரு பகுதி, என்.சி.ஏ.ஏ. வருடா வருடம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பகிரும் தொகையிலிருந்து கழிக்கப்படுகிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் பெரிய கல்லூரிகளின் ஃபுட்பால், கூடைப்பந்து வீரர்கள். ஊர் முழுக்க வரி போட்டுப் பண்ணையார் வீட்டுக் கடனை அடைப்பது போல.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபுட்பாலே இல்லாத, அல்லது அதில் பெரிதாகச் செலவு செய்யாத செயின்ட் ஜான்ஸ் போன்ற, பிக் ஈஸ்ட் என்ற கூட்டமைப்பின் கல்லூரிகள் எல்லாப் பணத்தையும் கூடைப்பந்தில் கொட்டலாம். 2025இல் ரிக் பிட்டினோவின் பயிற்சியில் செயின்ட் ஜான்ஸ் அந்தக் கூட்டமைப்புப் பட்டத்தை எடுத்தது. இது இன்னும் சில வருடம் கவனித்துப் பார்க்க வேண்டிய இடம்.

நான்காவது வழி: வேலை என்று ஒப்புக்கொள்வது

மூன்றாவது வழி ஆட்டம் காண்பதற்கு ஒரே ஒரு அடிப்படைக் காரணம்தான். அந்த உச்சவரம்பை வீரர்கள் பேசி ஏற்றுக்கொள்ளவில்லை. தொழில்முறை ஃபுட்பாலான என்.எஃப்.எல்.லிலும் சம்பள உச்சவரம்பு இருக்கிறது, யாரும் அதை நீதிமன்றத்துக்கு இழுத்து உடைப்பதில்லை. காரணம், வீரர் சங்கமும் உரிமையாளர்களும் மேசையில் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. அப்படிப் பேசிய வரம்பை ஏகபோகத் தடைச் சட்டம் தொடாது. அங்கே வீரர் பங்கு வருமானத்தில் ஏறக்குறைய 48 சதவீதம். கல்லூரியில் 22, அதுவும் மேலேயிருந்து சொன்னது.

முயற்சிகள் நடந்தன. நார்த்வெஸ்டர்ன் வீரர்கள் 2014இல் சங்கம் அமைக்கப் போராடினார்கள், தொழிலாளர் வாரியம் 2015இல் கையைக் கழுவிக்கொண்டது. டார்ட்மத் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-2 என்று சங்கத்துக்கு வாக்களித்தது, வருடக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றது. தடைகள் நிஜமானவை. வட கரோலினா போன்ற மாநிலங்களில் அரசு ஊழியர் சங்கம் கூட்டாகப் பேரம் பேசுவதே சட்டப்படி முடியாது, அங்கே பெரிய கல்லூரிகள் பல அரசுடையவை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டு வீரர்களின் கதி என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டும், அதுவும் வளாகத்துக்குள்ளேயே வேலை பார்த்து வாடகை கட்டிய நம் பிள்ளைகளுக்கு அந்த விசாவின் நெருக்கடியை நான் விளக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் என் வாக்கு இந்த வழிக்குத்தான். போட்டியைச் சமன் செய்யும் எந்தக் கருவியும், அது உச்சவரம்பாக இருந்தாலும், பல வருட ஒப்பந்தமாக இருந்தாலும், கல்லூரி மாறும் காலக்கெடுவாக இருந்தாலும், வீரர் சம்மதம் இல்லாமல் நீதிமன்றத்தில் நிற்காது. சம்மதம் வாங்க ஒரு சங்கம் வேண்டும். அடிபட்டவருக்கு மருத்துவமும் இழப்பீடும் கேட்கவும் அதே சங்கம் வேண்டும். ரே டெனிசனின் மனைவி கேட்டதும் அதுதானே.

சங்கம் வந்தாலும் சின்னக் கல்லூரிக்கு அது தானாக உதவாது. அதற்கு நான் கேட்பது உலகக் கால்பந்திலிருந்து ஒரு ஏற்பாடு. அங்கே ஒரு வீரரை ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப் வாங்கும்போது, பரிமாற்றத் தொகையில் 5 சதவீதத்தை, அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபீஃபா விதி. ஏதோ ஒரு சின்ன ஊர் கிளப்பில் பந்து உதைத்த பையன் பெரிய கிளப்புக்குப் போனால் அந்த ஊர் மைதானத்துக்குப் புல் வந்துவிடும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அப்படி ஒரு பொது விதி இல்லை. வீரர் சம்பளத்தில் கை வைக்காமல், வாங்கும் கல்லூரி தனியாக ஒரு பங்கை முந்தைய கல்லூரிக்குத் தர வேண்டும் என்று பேசி எழுதினால், அயோனாவும் மோர்ஹெட் ஸ்டேட்டும் ஆள் வளர்ப்பதையே ஒரு பலமாக மாற்றிக்கொள்ளும். வீரரின் காலைக் கட்டாமல் வாசலைத் திறந்து வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஃபுட்பாலிலும் இதற்குத் தேவை இருக்கிறது. நான்கிலிருந்து பன்னிரண்டு அணிகளாக விரிந்துவிட்ட பிளே-ஆஃபில், 2025இல் இரண்டு இடங்கள் சின்னக் கூட்டமைப்பு அணிகளுக்குக் கிடைத்தன, டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும். டுலேன் 41-10 என்றும், ஜேம்ஸ் மேடிசன் 51-34 என்றும் முதல் சுற்றிலேயே தோற்றன. இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களும் அந்த ஆட்டங்களுக்கு முன்பே பெரிய கல்லூரிகளில் வேலை உறுதி செய்திருந்தார்கள்.

விலகி நிற்பவர்கள்

இந்த நான்கிலும் சேராமல் ஒதுங்கியவர்களும் உண்டு. ஹார்வர்ட், யேல் போன்ற பழம்பெரும் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஐவி லீகின் எட்டுக் கல்லூரிகளும் ஹவுஸ் சமரசத்தில் சேரவில்லை. விளையாட்டுக்கென்று உதவித்தொகைகூட அவர்கள் தருவதில்லை. பட்டத்தின் மதிப்பே போதும் என்ற நம்பிக்கை. 2024 மார்ச்சில் யேல் ஆபர்னை 78-76 என்று வென்றபோது அந்த நம்பிக்கை வலுவாகத்தான் தெரிந்தது. அடுத்த பருவமே அந்த அணியின் உயரமான ஆட்டக்காரர் டேனி வுல்ஃப் மிச்சிகன் சட்டையில் இருந்தார். ஐவி கல்லூரிகளுக்கு இது தாங்கும், அவர்களின் பெயர் கூடைப்பந்தை நம்பி இல்லை.

பென்சில்வேனியாவின் மலைப்பகுதியில் இருக்கும் செயின்ட் ஃபிரான்சிஸ் நிலைமை அப்படி இல்லை. சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி. 2025இல் தன் கூட்டமைப்பின் கோப்பையை வென்று, 1991க்குப் பிறகு முதன்முறையாக மார்ச் போட்டிக்குள் நுழைந்தது. மார்ச் 18, டேட்டன் நகரில் அலபாமா ஸ்டேட்டுடன் ஆட்டம். 68-68 என்று சமமாக இருந்தபோது எதிரணி மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பந்தை வீசியது. கூட்டமாக எழும்பிய கைகளில் பட்டுச் சிதறிய பந்தை ஒருவர் பிடித்து உள்ளே போட்டார். ஒரு நொடிதான் மிச்சம். 70-68.

சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 அன்று, மாறிவிட்ட கல்லூரி விளையாட்டு உலகத்தைக் காரணம் காட்டி, உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவுக்கு எல்லா அணிகளையும் இறக்குவதாக அந்தக் கல்லூரி அறிவித்தது.